கச்சத்தீவு முதல் நார்கொண்டம் வரை: ஒரே தீவை ராணுவமும் பறவையும் கேட்டால் யாருக்கு?

தேர்தல் வந்தால் கச்சத்தீவும் வரும். பேரைக் கேட்டதுமே 1974 ஒப்பந்தம், அந்தோணியார் கோயில் திருவிழா, மீனவர்கள் கைது என்று வரிசையாக நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அந்தத் தீவின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு, இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிக்கான இலக்கு. கப்பலில் இருந்து குறிபார்த்துச் சுட்டுப் பழக ஒரு தீவு தேவைப்பட்டது. ஆள் இல்லாத தீவு கிடைத்தது. அவ்வளவுதான் கணக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் உடனே போகவில்லை. 1955 அக்டோபரில் இலங்கை விமானப்படை அங்கே பயிற்சி நடத்தியது. அது இந்திய நாடாளுமன்றம் வரைக்கும் வந்தது. ஆனால் விவாதம் சுற்றியதெல்லாம் 'தீவு யாருடையது' என்ற கேள்வியைத்தான். அந்த மண்ணில், அதைச் சுற்றிய கடலில் என்ன உயிர் இருக்கிறது, குண்டு விழுந்தால் அதற்கு என்ன ஆகும் என்பது அன்றைக்கு அரசியல் கேள்வியே இல்லை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972-ல்தான்.

கச்சத்தீவைப் பற்றி இன்னொரு தகவலும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டே இருக்கும்: 14-ம் நூற்றாண்டில் ஓர் எரிமலை வெடித்து உருவான தீவு அது என்று. இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. பாக் நீரிணையில் இருக்கிற தீவுகள் பெரும்பாலும் மணலும் பவளச் சுண்ணாம்பும் சேர்ந்தவை. உண்மையான எரிமலைத் தீவு வேண்டுமென்றால் வங்கக் கடலைத் தாண்டி அந்தமான் பக்கம் போகணும். அங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி இருக்கிறது. எரிமலை, சட்டப் பாதுகாப்பு பெற்ற காடு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை, பாதுகாப்புத் துறையின் கோரிக்கை. நான்கும் ஒரே தீவில்.

நார்கொண்டம் எங்கே இருக்கு?

அந்தமானில் இரண்டு எரிமலைத் தீவுகள். ஒன்று பேரன் தீவு. சுமார் 150 வருஷம் தூங்கிவிட்டு 1991-ல் மறுபடி வெடித்தது; இன்றும் அவ்வப்போது புகைகிறது. தெற்காசியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அதுதான்.

இன்னொன்று நார்கொண்டம். இது உறங்கும் எரிமலை. வடக்கு அந்தமானில் இருந்து கிழக்கே 100 கிலோமீட்டருக்கு மேல் கடலில் போனால், சுமார் 7 சதுர கிலோமீட்டரில் தனியாக நிற்கிற 710 மீட்டர் உயர மலை. 'நரக குண்டம்' என்பதுதான் மருவி நார்கொண்டம் ஆனது என்று ஒரு விளக்கம் உண்டு. பேர் அப்படி, தீவு அப்படியில்லை. அடிவாரம் முதல் உச்சி வரை காடு. எரிமலை மண்ணில் வளர்ந்த பெரிய பெரிய மரங்கள், நிறைய அத்தி.

இந்தக் காட்டில்தான் நார்கொண்டம் இருவாச்சி வாழ்கிறது. உலகத்தில் இந்த ஒரே தீவில் மட்டும். மற்ற இருவாச்சிகளைப் போலவே இதற்கும் ஒரு விசித்திரமான குடும்ப வாழ்க்கை. பெண் பறவை பழைய மரத்தின் பொந்துக்குள் போய், வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு மட்டும் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வளர்கிற காலத்தில் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டும். ஆக, இந்தப் பறவைக்குக் காடு இருந்தால் மட்டும் போதாது. பொந்து விழுகிற அளவுக்கு வயதான மரம் வேண்டும். அந்த மாதிரி மரம் போனால், புதிதாக நட்டு வளர்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. அதற்குள் எத்தனை தலைமுறைப் பறவைகள் போயிருக்கும்!

1977-ல் தீவு முழுவதும் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1969-லிருந்து அங்கே ஒரு போலீஸ் புறக்காவல் நிலையம் உண்டு. காரணம், பர்மா இந்தத் தீவுக்கு உரிமை கோரிக்கொண்டிருந்தது. 1986-ல் இரு நாடுகளும் கடல் எல்லையை வரையறுத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பிரச்சினை முடிந்தது. கச்சத்தீவுக்கும் நார்கொண்டத்துக்கும் இப்படி ஒரு சொந்தம். ஒன்று கோடு போட்டபோது அந்தப் பக்கம் போனது, இன்னொன்று இந்தப் பக்கம் நின்றது.

அந்தப் புறக்காவல் நிலையத்தில் இருந்த காவலர்கள் 1970-களில் சாப்பாட்டுக்காகச் சில ஆடுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கப்பல் எப்போதாவதுதான் வரும், கறிக்கு என்ன செய்வது? ஆனால் எதிரி விலங்கே இல்லாத தீவில் ஆடு பெருகியது. முளைத்து வந்த கன்றுகளை எல்லாம் மேய்ந்தது. பெரிய மரம் நின்றது, அடுத்த தலைமுறை மரம் வரவில்லை. பல வருஷம் கழித்துத்தான் ஆடுகளைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். ஒரு சின்னத் தீவில் 'சும்மா கொஞ்சம் பேர்தானே இருக்கப் போகிறார்கள்' என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு இந்த ஆட்டுக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

2012-ல் 'வேண்டாம்', 2014-ல் 'ஓகே'

இந்தியக் கடலோரக் காவல் படை நார்கொண்டத்தில் ஒரு கண்காணிப்பு ராடார் அமைக்க அனுமதி கேட்டது. கூடவே மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், மேலே போக காட்டை ஊடுருவி ஒரு சாலை. கேட்ட நிலம் ஒரு ஹெக்டேர்கூட இல்லை. காரணமும் அற்பமானதல்ல. வடக்கு அந்தமானுக்கு மேலே மியான்மரின் கோகோ தீவுகள் இருக்கின்றன. அங்கே சீனாவின் கண்காணிப்பு வசதி இருப்பதாக 1990-களில் இருந்தே பேச்சு உண்டு. 2023-ல் வெளியான சாட்டிலைட் படங்கள் அங்கே விமான ஓடுதளம் நீட்டிக்கப்பட்டிருப்பதைக் காட்டின. ராடார் கேட்பவர்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சரணாலயத்துக்குள் எது செய்வதென்றாலும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழுவிடம் போகணும். அதன் உறுப்பினராக இருந்த, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அசாத் ரஹ்மானி தீவுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார். அதுவரை நடந்த கணக்கெடுப்புகள் சில நூறு பறவைகளையே காட்டியிருந்தன. சாலையும் ஜெனரேட்டரும் ஆள் நடமாட்டமும் சேர்ந்தால் அந்தச் சில நூறுக்கு என்ன ஆகும் என்ற கவலை. 2012 ஆகஸ்ட் கடைசியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் திட்டத்தை நிராகரித்தார்.

2014-ல் ஆட்சி மாறியது. சில வாரங்களிலேயே புதிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் அதே ராடாருக்குப் பச்சைக்கொடி காட்டினார்.

இந்த இரண்டு வருஷத்தில் பறவை மாறவில்லை. எரிமலை மாறவில்லை. கோகோ தீவுகளும் இடம் மாறவில்லை. மாறியது அமைச்சரின் நாற்காலி மட்டும்தான். இதில் எந்த முடிவு சரி என்று கட்சி கட்டுவது ரொம்ப எளிது. சமூக வலைதளங்களில் இரு பக்கமும் அதைத்தான் செய்தார்கள். 'நாடு முக்கியமா, குருவி முக்கியமா?' என்று ஒரு பக்கம். 'ராணுவம் வந்தால் காடு காலி' என்று மறுபக்கம்.

2019-20-ல் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் நார்கொண்டத்தில் தங்கிக் கணக்கெடுத்தபோது சுமார் 1,000 இருவாச்சிகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். உலகில் வேறெந்த இருவாச்சிக் காட்டிலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இவ்வளவு அடர்த்தி பதிவானதில்லை. நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் புரியவைக்கிறது: 2012-லும் சரி, 2014-லும் சரி, முடிவெடுத்தவர்கள் கையில் இருந்தது முழுமையான கணக்கு அல்ல. தடுக்கும்போதும் அனுமதிக்கும்போதும் அரைகுறைத் தகவல். பிரச்சினையின் வேர் இங்கே இருக்கிறது. ராடார் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எந்த ஆதாரத்தை வைத்து முடிவு எடுக்கிறார்கள், முடிவெடுத்த பிறகு யார் திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள் என்ற கேள்விதான் பெரியது.

நார்கொண்டம் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை. நிக்கோபார் தீவுகளில் திலாஞ்சோங் என்று ஒரு சரணாலயம். மணலையும் இலைதழையையும் மேடாகக் குவித்து, அந்தச் சூட்டிலேயே முட்டையைப் பொரிக்க விடும் நிக்கோபார் மெகாபோட் என்ற தரைப்பறவையின் வீடு அது. அங்கே ஏவுகணைச் சோதனைக்கு இடம் கேட்கும் முன்மொழிவும் இதே வாரியத்தின் மேசைக்கு வந்தது. நிக்கோபார் பழங்குடிகள் புனிதமாகக் கருதும் தீவு அது என்பது இன்னொரு அடுக்கு.

ராணுவ வேலி எப்பவுமே கெட்டதா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

ராஜஸ்தானில் கானமயில் என்ற பெரிய பறவை அழிவின் விளிம்பில் நிற்கிறது. காட்டில் மிச்சம் இருப்பது சுமார் 150-க்குள். அவை தங்கியிருக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று பொக்ரான் துப்பாக்கிச்சூட்டுத் தளம். ஆமாம், 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்ததே, அந்தப் பொக்ரான்தான். குண்டு வெடிக்கிற இடத்தில் பறவையா என்று ஆச்சரியப்படலாம். ஆனால் ராணுவ வேலிக்குள் உழவு இல்லை, கட்டடம் இல்லை, கண்டபடி மின்கம்பி இல்லை. கானமயிலைக் கொல்வதில் முக்கியமான வில்லனே உயர் அழுத்த மின்கம்பிதான். பக்கவாட்டுப் பார்வை கொண்ட இந்தக் கனமான பறவைக்கு நேர் எதிரே வரும் கம்பி தெரியாது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. அங்கே ராணுவம் கொடுத்த தனிமை, வேறு யாரும் கொடுக்காத பாதுகாப்பாக அமைந்துவிட்டது.

ஆனால் பொக்ரானை வைத்து நார்கொண்டத்துக்கு நியாயம் பேச முடியாது. பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. ஒரு மூலையில் சுட்டால் பறவை இன்னொரு மூலைக்குப் போகலாம். 7 சதுர கிலோமீட்டர் தீவில் பறவை எங்கே போகும்? சுற்றிலும் கடல்.

ஹவாயில் ஒரு டாலர் குத்தகை

இந்தச் சண்டை உலகத்திலேயே மிகத் தெளிவாக நடக்கும் இடம் ஹவாய். அங்கே மவுனா கேயா, மவுனா லோவா என்ற இரண்டு பெரிய எரிமலைகளுக்கு நடுவே பொஹாகுலோவா என்ற அமெரிக்க ராணுவப் பயிற்சித் தளம் இருக்கிறது. பரப்பு சுமார் 1,32,000 ஏக்கர். நம் ஊர்க் கணக்கில், ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட அந்த அளவு. பழைய எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை நிலம். 2022 நவம்பரில்கூட மவுனா லோவா வெடித்து, அந்தப் பக்கத்து நெடுஞ்சாலைக்குச் சில கிலோமீட்டர் முன்பு வரை குழம்பு ஓடி வந்து நின்றது. மவுனா கேயா மலைச்சரிவில் பலிலா என்ற சின்ன மஞ்சள் தலைப் பறவை வாழ்கிறது. ஒரே வகை மரத்தின் விதையை நம்பி வாழும் பறவை. அருகிவரும் தாவர வகைகளும் பல.

இந்தத் தளத்தில் சுமார் 23,000 ஏக்கர் ஹவாய் மாநிலத்துக்குச் சொந்தம். 1964-ல் அதை ராணுவத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். எத்தனை வருஷம்? 65. எவ்வளவு? மொத்தத்துக்கும் ஒரு டாலர். மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கும் அல்ல.

கேட்கவே அநியாயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குத்தகையில் ஒரு விஷயம் இருந்தது: முடிவுத் தேதி. 2029 ஆகஸ்ட். அதுபோக, பயிற்சி முடிந்ததும் வெடிபொருட்களை அகற்றி நிலத்தைச் சுத்தமாக வைக்கணும் என்ற நிபந்தனை. அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் ஹவாய்ப் பூர்வகுடிகள் இருவர் 2014-ல் மாநில அரசு மேல் வழக்குப் போட்டார்கள். ராணுவம் மேல் அல்ல, கவனிங்க. 'நிலத்தை மக்களுக்காக அறக்கட்டளையாக வைத்திருப்பவர் நீங்கள். குத்தகைக்காரர் என்ன செய்கிறார் என்று போய்ப் பார்த்தீர்களா?' என்பதுதான் அவர்கள் கேள்வி. 2019-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. போய்ப் பார்ப்பது மாநிலத்தின் கடமை, அதில் தவறியிருக்கிறது என்றது.

2025 மே மாதம், குத்தகையைத் தொடர்வதற்காக ராணுவம் தயாரித்த சுற்றுச்சூழல் அறிக்கையை மாநில நில வாரியம் ஏற்க மறுத்தது. முன்னாள் ராணுவத்தினரும் பூர்வகுடி மூத்தோரும் ஒரே அறையில் வந்து பேசும்படியான பொது விசாரணைகள் நடந்தன. முடிவு எப்படி வேண்டுமானாலும் போகலாம். அமெரிக்க ராணுவம் லேசில் விட்டுக்கொடுக்கிற இடமல்ல அது. ஆனாலும் ஒரு தேதி இருப்பதால் மட்டுமே இந்த உரையாடல் கட்டாயமாகியிருக்கிறது.

தேதி இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஹவாயிலேயே உதாரணம் உண்டு. காஹோலாவே என்ற எரிமலைத் தீவை 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவம் எடுத்துக்கொண்டது. போர் முடிந்தது, குண்டு போடுவது முடியவில்லை. 1965-ல் 500 டன் டி.என்.டி.யை வெடித்துப் பார்த்ததில் பெரிய பள்ளமே விழுந்தது. 1976-ல் பூர்வகுடி இளைஞர்கள் படகில் போய்த் தீவில் இறங்கிப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1990-ல்தான் குண்டு நின்றது. பிறகு சுமார் 40 கோடி டாலர் செலவில் பத்து வருஷம் சுத்தம் செய்தும், தீவின் கால்வாசி இன்னும் தொடப்படாமல் கிடக்கிறது. எங்கே வெடிக்காத குண்டு இருக்கிறது என்று தெரியாததால் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. போர்க்கால அவசரத்தில் எடுத்த தீவு, அரை நூற்றாண்டு இலக்காகவே இருந்துவிட்டது.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் சரணாலயத்துக்கோ தேசியப் பூங்காவுக்கோ உள்ளே திட்டம் வந்தால் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். பாதுகாப்புத் துறைக்கும் இதில் விலக்கு இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் சுற்றி இருக்கிற மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வருகின்றன. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, தேசப் பாதுகாப்பு அல்லது 'வியூக முக்கியத்துவம்' கொண்ட திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. எது வியூக முக்கியத்துவம்? மத்திய அரசு சொன்னால் அது. 2023-ல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு தொடர்பான கட்டமைப்புக்கு 10 ஹெக்டேர் வரை வன அனுமதியே வேண்டாம். சர்வதேச எல்லையில் இருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும் சாலை, ரயில் பாதை மாதிரியான வியூகத் திட்டங்களுக்கும் விலக்கு.

'வியூகம்' என்ற வார்த்தை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு கிரேட் நிக்கோபாரைப் பார்க்கலாம். அங்கே வரவிருப்பது சரக்குப் பெட்டக முனையம், நகரியம், மின் நிலையம், விமான நிலையம். விமான நிலையத்தை ராணுவமும் பயன்படுத்தும். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதில் போகிறது. தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடா சரணாலயம் 2021 ஜனவரியில் சரணாலயப் பட்டியலில் இருந்தே எடுக்கப்பட்டது. சுற்றுச்சூழல் அனுமதியை மறுபரிசீலனை செய்த உயர்மட்டக் குழுவின் அறிக்கையை ஆர்.டி.ஐ.யில் கேட்டவர்களுக்கு, பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தார்கள். ராடாரின் அலைவரிசை ரகசியம் என்றால் புரிகிறது. ஆமை எத்தனை வருகிறது, பவளம் எத்தனை இடம் மாற்றப்படும் என்பது யாரிடம் இருந்து காக்க வேண்டிய ரகசியம்?

தூத்துக்குடிக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. வான் தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, காரைசல்லி என்று தூத்துக்குடிக் கூட்டம் மட்டும் நான்கு. அதில் விலாங்குசல்லி ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவைக் காப்பாற்ற செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது. நார்கொண்டத்தைக் காக்கும் அதே சட்டம்தான் இந்தத் தீவுகளையும் காக்கிறது. அதே 'வியூகம்' என்ற சாவி இந்தப் பூட்டையும் திறக்கும்.

பாதுகாப்பு என்ற வாதம் இந்தக் கடலுக்குப் புதிதும் அல்ல. 2005-ல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கடற்படைக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போகலாம் என்பது. 2008-ல் கடலோரக் காவல் படையின் தலைமையில் இருந்தே, அந்தக் கால்வாய் பாதுகாப்புக்கு ஆபத்தாகலாம் என்ற கருத்து வந்தது. ஒரே வார்த்தை, இரண்டு பக்கமும் வெட்டியது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் ராணுவத் தளம் இல்லை; இஸ்ரோவுடையது. இருந்தாலும் ஏவுதள நாளில் கடல் மூடப்படும் என்பதற்கு பழவேற்காடு மீனவர்களின் ஶ்ரீஹரிகோட்டா அனுபவமே போதும்.

இதில் உறுத்துகிற விஷயம் ஒன்று. ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள், பல தலைமுறையாகப் போய்வந்த தீவுகளில் இன்று கால் வைத்தால் குற்றம். அபராதம், விசாரணை எல்லாம் உண்டு. பவளப்பாறை மிதிபடும் என்பது வனத்துறையின் வாதம். அதை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் கையில் பையோடு நீந்திப் போகிறவருக்குச் சட்டம் எழுத்துக்கு எழுத்து பொருந்தும். புல்டோசரோடு வருகிறவருக்கு நெளியும் என்றால், அந்தச் சட்டத்தை மதிக்கச் சொல்லி எந்த முகத்தோடு அந்தப் பெண்களிடம் போவது?

இந்தக் கரைக்கே தெரிந்த ஒரு பழைய நடைமுறை இருக்கிறது. முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், அரசு நினைத்த மாத்திரத்தில் கடலைத் திறந்துவிட முடியாது. 'பார்' எனப்படும் முத்துப்படுகைகளுக்கு அதிகாரிகள் முதலில் போவார்கள். குளியாட்களை இறக்கி, ஒரு முங்குக்கு எத்தனை சிப்பி வருகிறது, வயசு என்ன என்று பார்ப்பார்கள். மாதிரிக்கு எடுத்த சிப்பிகளைத் திறந்து முத்தை மதிப்பிடுவார்கள். தேறினால்தான் சலாபம் என்று ஊரறிய அறிவிப்பு. சிப்பி தேறாவிட்டால் அந்த வருஷம் சலாபம் கிடையாது. இப்படிப் பல வருஷங்கள் தொடர்ந்து மூடியே கிடந்ததும் உண்டு. அரசுக்கு அதில் பெரிய வருமானம் இருந்தும்கூட, எண்ணிப் பார்க்காமல் திறக்கவில்லை. கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது.

பாதுகாப்புத் துறையிடம் கேட்க வேண்டியதும் ஏறக்குறைய இதுதான். சரணாலயத்துக்குள் ராடாரோ பயிற்சித் தளமோ வருமென்றால், அனுமதிக்கு ஒரு காலவரம்பு இருக்கட்டும். பத்து வருஷமோ பதினைந்தோ, முடிந்ததும் மறுபடி வாரியத்திடம் வரட்டும். மாற்று இடம் ஏன் சரிப்படவில்லை என்பதைச் சொல்லக்கூடிய அளவுக்காவது எழுத்தில் சொல்லட்டும். தளத்தை நடத்துகிறவர்களே தங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளாமல், வெளியாட்கள் போய் எண்ணிவிட்டு வரட்டும்.

வனவிலங்கு வாரிய நிலைக்குழுவின் கூட்டக் குறிப்புகள் இப்போதே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கின்றன. போனில்கூடத் திறந்து படிக்கலாம். எந்தத் திட்டத்துக்கு என்ன நிபந்தனை போட்டார்கள் என்பது அதில் இருக்கும். அந்த நிபந்தனை நிறைவேறியதா என்ற அறிக்கையையும் பக்கத்திலேயே வருஷா வருஷம் போட்டால் போதும். நார்கொண்டத்துக்கு அதில் இருக்க வேண்டியவை: எத்தனை மரம் வெட்டினார்கள், எத்தனை பொந்துகளில் இந்த வருஷம் கூடு கட்டியது, தீவில் புதிதாக ஆடோ எலியோ இறங்கியிருக்கிறதா. இதில் எதுவுமே எதிரிக்குப் பயன்படும் தகவல் இல்லை.